எங்கள் பண்ணைக்காட்டில் ஏன் கிராம சபை நடப்பதில்லை?

கொடைக்கானல் பக்கத்து மலையில் இருக்கும் தாண்டிக்குடியில் கிராம சபை கூடுகிறது, பக்கத்திலேயே இருக்கும் பண்ணைக்காட்டில் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம், தாண்டிக்குடி கிராம ஊராட்சி, பண்ணைக்காடு பேரூராட்சி. கிராமம் என்ற நிலையைத் தாண்டி, நகராட்சி அளவுக்கு இன்னும் வளராத ஊர்தான் பேரூராட்சி. காப்பி நாற்றைப் பையிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் நட்டாயிற்று, ஆனால் இன்னும் காய்ப்புக்கு வரவில்லை என்போமே, அந்த மாதிரி.

பெயரில் 'ஊராட்சி' ஒட்டிக்கொண்டிருந்தாலும் சட்டம் இதை நகர்ப்புறமாகவே பார்க்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வாக்காளர் எல்லோரும் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்கும் கிராம சபை, கிராம ஊராட்சிக்கு மட்டுமே உரியது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் திட்டமும் அப்படித்தான். மலையில் கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை. ஊரைத் தரம் உயர்த்தக் கேட்பவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும் என்பேன்.

சரி, குடிநீர், குப்பை, தெருவிளக்குக்கு யாரிடம் போவது? உங்கள் வார்டு உறுப்பினரிடம், அல்லது பேரூராட்சி நிர்வாகத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான செயல் அலுவலரிடம். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பேரூராட்சித் தலைவருக்கும் நாமே நேரடியாக ஓட்டுப் போட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். 2022 தேர்தலில் நாம் தேர்ந்தெடுத்தது வார்டு உறுப்பினரை, தலைவரைத் தேர்ந்தெடுத்தது அந்த உறுப்பினர்கள்.