பழைய காருக்கு பெட்ரோல் இழுக்க மெக்கானிக்கல் பம்பா, எலக்ட்ரிக் பம்பா? கேள்வி பதில்

கே: அண்ணே, என்னோடது 1985 பத்மினி. கோத்தகிரி ஏறும்போது பாதில நின்னுடுது, ஆறவிட்டா ஓடுது. எலக்ட்ரிக் பம்ப் போட்டுடலாமா?

ப: அவசரப்படாதீங்க தம்பி. மெக்கானிக்குங்க ஏர் லாக்னு சொல்றது இதத்தான், ஆனா உள்ள அடைச்சிருக்கறது காத்து இல்ல, பெட்ரோல் ஆவி. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் மேலயே உக்காந்துக்கிட்டு பின்னாடி டேங்க்ல இருந்து உறிஞ்சுது, உறிஞ்சுற லைன்ல பிரஷர் கம்மி, பிரஷர் கம்மியானா பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும், அதுல இன்ஜின் சூடு வேற. பம்ப்ல ஈரத்துணி சுத்தினதும் கிளம்புதுன்னா சந்தேகமே வேண்டாம். முதல்ல ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்துங்க, பெட்ரோல் லைன் சைலன்சர் மேனிஃபோல்டை (இன்ஜின் புகை வெளிய போற சூடான குழாய்) ஒட்டிப் போகுதான்னு பாருங்க. பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும். அப்பவும் நின்னா எலக்ட்ரிக் போடுங்க, ஆனா டேங்க் பக்கத்துல, தாழ்வா. இப்ப கடைல கிடைக்கிற சின்ன பம்புக்கெல்லாம் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சச் சொன்னா திணறும்.

கே: இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் ஒண்ணு பழைய சாமான் கடைல சல்லிசா கிடைச்சுது. அம்பாசடருக்கு ஆகுமா?

ப: ஆகவே ஆகாது. அது 40 பிஎஸ்ஐக்கு (பிரஷர் அளவு) மேல தள்ளும், பெட்ரோலையும் காத்தையும் கலக்குற எஸ்யூ கார்புரேட்டருக்கு 2, 3 பிஎஸ்ஐ போதும். கார்புரேட்டர்ல பெட்ரோல நிறுத்துற நீடில் வால்வு தாங்காம பெட்ரோல் வழிஞ்சு சூடான மேனிஃபோல்டுல விழும்.

கே: டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் ஏறிட்டே போகுது, பெட்ரோல் வாசம் வேற.

ப: வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. மெக்கானிக்கல் பம்ப் டயாஃப்ரம் (உள்ள இருக்கற ரப்பர் சவ்வு) கிழிஞ்சு பெட்ரோல் சம்புக்குள்ள, அதான் இன்ஜின் அடில ஆயில் நிக்கிற தொட்டிக்குள்ள இறங்குது, ஆயில் நீர்த்துப் போய் பேரிங் போயிடும். ஆயிலையும் மாத்துங்க. ஈ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு ஆகாது, வைட்டான் (எத்தனால் தாங்குற ரப்பர்) டயாஃப்ரம்னு கேட்டு வாங்குங்க.

கே: அண்ணை, யாழ்ப்பாணத்திலயிருந்து கேக்கிறன். மொரிஸ் மைனர், பம்ப் விடாமல் டக் டக்கெண்டு அடிக்குது. மெக்கானிக்கல் போடச் சொல்லினம்.

ப: மைனர் பொறந்ததே எஸ்யூ எலக்ட்ரிக் பம்போடதான், அத ஏன் கழட்டணும்? (இது பானட்டுக்குள்ள இருந்தே நல்லா உறிஞ்சும், மேல சொன்னது இதுக்குப் பொருந்தாது.) விட்டு விட்டு அடிச்சா சரி. விடாம வேகமா அடிச்சா டேங்க் காலி, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது, ஜாயின்ட் எல்லாம் பாருங்க. சத்தமே வரலன்னா பம்புக்குள்ள கரன்ட்ட விட்டு விட்டுக் குடுக்குற பாயின்ட் கருகியிருக்கும், ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா வீடு வரைக்கும் வரும். புதுசு வாங்கினா பாசிட்டிவ் எர்த்தான்னு (பேட்டரி பிளஸ் பாடியில சேர்ற வண்டிக்கானதான்னு) பாத்து வாங்குங்க, மாத்திக் குடுத்தா எலக்ட்ரானிக் பம்ப் அப்பவே புகைஞ்சிடும்.

கே: எலக்ட்ரிக் போட்டாச்சு. வேற ஏதாவது?

ப: வண்டி இடிச்சா கரன்ட்ட கட் பண்ற சுவிட்ச் ஒண்ணு போடுங்க, ஃபியூஸும். மெக்கானிக்கல் இன்ஜினோட சேந்து நின்னுடும், இது சாவி ஆன்ல இருக்கற வரைக்கும் பெட்ரோல ஊத்திட்டே இருக்கும்.