திரையில் 'என் யக்ஸா' என்று வரும்போது

அன்புள்ள தங்கைக்கு,

மதுரையில் செவிலியர் பட்டம் முடித்துப் பின்லாந்துக்கு வந்து, இங்கே லாஹிஹோய்தாயா எனப்படும் பராமரிப்புச் செவிலியர் படிப்பில் மனநலம், போதைமீட்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதில் 'டிஜிட்டல் சந்திப்பு' என்றொரு பாடம் இருப்பதைக் கண்டு தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். கணினி தெரிந்தவருக்கு அதில் கற்பிக்க என்ன இருக்கிறது, அரைகுறை பின்னிஷ் மொழியை வைத்துக்கொண்டு திரை வழியே நோயாளியிடம் பேச முடியுமா, பேசாமல் முதியோர் பராமரிப்புக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்நாட்டில் 14 ஆண்டுகளும் அதில் 9 ஆண்டுகள் இதே துறையிலும் இருப்பதால் சொல்கிறேன்.

இந்தப் பாடத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். லாப்லாந்து மாகாணம் மட்டுமே தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கும் சற்றுப் பெரியது. அங்கே வாழ்பவர்களோ இரண்டு லட்சம் பேருக்கும் குறைவு. 2023 ஜனவரியில் மருத்துவமும் சமூகசேவையும் நகராட்சிகளிடமிருந்து, நலவட்டாரங்கள் எனப்படும் 21 பெரிய வட்டார நிர்வாகங்களுக்கு மாறின. ஹெல்சிங்கி மட்டும் தன் சேவைகளைத் தானே நடத்துகிறது. ஜனவரிப் பனியில் நூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து 45 நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப யாருக்கும் மனம் வராது, மனச்சோர்வில் இருப்பவருக்கு நிச்சயமாக வராது. மியேலன்தெர்வேஸ்தாலோ என்ற மனநல இணையதளத்தில் உள்ள சுயஉதவிப் பயிற்சிகளை எவரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். அதே தளத்தின் இணைய சிகிச்சைக்கு மருத்துவரின் பரிந்துரை வேண்டும், கட்டணம் கிடையாது. எனவே நீங்கள் எந்தப் பிரிவுக்கு மாறினாலும் இந்தத் திரை உங்களைத் தொடர்ந்து வரத்தான் செய்யும்.

கணினி பற்றிய பாடம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நோயாளி தன் இணைய வங்கி அடையாளத்தால் உள்நுழைவதைக் கொண்டு எதிரில் இருப்பவர் யாரென்று உறுதி செய்வது, சந்திப்பின் தொடக்கத்திலேயே இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று கேட்டு வைப்பது, இடையில் நிலைமை மோசமானால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து அந்த முகவரியைச் சொல்வது ஆகியவை பழகிவிடும். கடினமானது அதற்குப் பிறகுதான் வரும்.

என் பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். வீடியோ ஒத்திகைக்கு எதிரே அமர்ந்தவர் நடிகர் அல்லர். குடியிலிருந்து மீண்டு, பிறகு இத்தகைய வகுப்புகளில் கற்பிக்க வரும் 'அனுபவ நிபுணர்'. பின்லாந்தில் இவர்களுக்கு நல்ல மதிப்பு உண்டு. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று நான் கேட்டதும் அவர் கீழே பார்த்தபடி அமைதியானார். எனக்கோ இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பதற்றம். "கூலூகோ?" என்றேன், அதாவது "கேட்கிறதா?" ஒத்திகை முடிந்ததும் அவர், தொண்டை வரை வந்திருந்த பதிலை நான் மைக்கைப் பற்றிக் கேட்டதும் விழுங்கிவிட்டதாகச் சொன்னார். பதிவை ஓட்டிப் பார்த்தபோது அந்த அமைதி வெறும் ஏழு நொடிதான். பின்லாந்துக்காரருக்கு அது மூச்சு விடும் நேரம். கல்யாண வீட்டுச் சத்தத்தில் வளர்ந்த நமக்கு அது ஒரு யுகம். அன்று முதல் கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணப் பழகினேன், இன்னும் சில நாள் எண்ணுகிறேன்.

சாட்டில் இதற்கு நேர்மாறான தவறைச் செய்தேன். ஒருவர் ஒரு வரி எழுதினால் நான் மூன்று கேள்வியும் இரண்டு அறிவுரையும் அனுப்புவேன். "குடியை விட்டுவிடுங்கள்" என்று சொல்வதே உதவி என்று ஊரில் கற்றுக்கொண்டு வந்தவள் அல்லவா? கடும் மது விற்பனையை அரசே கையில் வைத்திருப்பதில் மட்டும் தமிழ்நாடும் இந்த நாடும் ஒன்று: அங்கே டாஸ்மாக், இங்கே 1932 முதல் ஆல்கோ. ஆனால் குடிப்பவரிடம் பேசும் விதம் முற்றிலும் வேறு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஊக்க நேர்காணல் என்ற முறைதான் இங்கே அடிப்படை. மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லாமல் அவர் வாயிலிருந்தே வரச் செய்வது அதன் சாரம். சாட்டில் அது ஒரு நேரத்தில் ஒரே கேள்வி என்றாகிறது.

மொழியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பாடப்புத்தகத்தில் 'மினா' என்று படித்த 'நான்', சாட்டில் 'மா' என்று வரும். அதைவிட, 'என் யக்ஸா' என்ற இரண்டு பின்னிஷ் சொற்களின் எடை தெரிய வேண்டும். நாம் 'முடியலை' என்கிறோமே, அதேதான். பாத்திரம் கழுவ அலுப்பாக இருந்தாலும் அதைச் சொல்வார்கள். வாழ அலுத்துப் போனாலும் அதையே சொல்வார்கள். சந்தேகம் வந்தால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைக்கும் நம் வழக்கத்தை விடுவது, எனக்கு பின்னிஷ் இலக்கணத்தைவிடக் கடினமாக இருந்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புரியாத வரியை நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டாதீர்கள். அது நோயாளியின் அந்தரங்கத்தை வெளியார் கையில் கொடுப்பதாகும். 2020 அக்டோபரில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டது வெளியே தெரிந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அந்தரங்கம் திருடன் கைக்குப் போயிருந்தது, பணம் தராவிட்டால் வெளியிடுவேன் என்று அவரவருக்கே மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் பேசப்போகும் சிலர் அந்த மின்னஞ்சலைப் பெற்றவர்களாக இருக்கலாம். புரியாவிட்டால் அவரிடமே, "இதை எனக்கு வேறு சொற்களில் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாம் முறை சொல்லும்போதுதான் உண்மையான விஷயம் வருகிறது.

முதியோர் பராமரிப்பு நல்ல வேலைதான், ஆனால் பயத்தால் அங்கே போகாதீர்கள். பணியிடப் பயிற்சி முடியும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள். அதற்குள் மியேலன்தெர்வேஸ்தாலோவில் ஏதேனும் ஒரு சுயஉதவிப் பயிற்சியைப் பின்னிஷிலேயே செய்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் எனப்படும் குடிப்பழக்க வினாத்தாளில் பத்தே கேள்விகள். அவற்றையும் பின்னிஷில் வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் கேள்வியில் உங்கள் குரல் தாழ்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அதிலிருந்து பேசுவோம்.