சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, மகள் இதைப் படிக்கலாமா?

உப்புவெளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்த மகள், தொழிற்சாலைகளில் பாதுகாப்பும் சுற்றாடல் விதிகளும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கணக்காய்வு செய்யும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறா. அவவின் அப்பாவோ, “இன்றைக்குப் படிக்கிற சட்டம் நாளைக்கு மாறிவிடும், காசு வீண்” என்கிறார். இந்தப் படிப்புக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் முற்பணம் கட்டவும் யோசிக்கிறீர்கள். இதுதானே வீட்டில் நடக்கும் வழக்கு?

அப்பா சொல்வதில் பாதி சரி. எந்தெந்தத் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும் என்பதை 2008 வர்த்தமானி சொன்னது. 2022 இல் அதற்குப் புதிய வர்த்தமானி வந்தது. தொழில் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 45001, 2018 இல் வெளிவந்து, பழைய ஓசாஸ் (OHSAS) 18001 தரத்தை ஓரங்கட்டியது. மறுபக்கம், நம் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இல் வந்தது. இடையிடையே திருத்தினார்கள், அடிப்படை இன்றும் அதுதான். அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வரவேண்டும் என்ற பேச்சும் பல காலமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கம்பனிகள் தேடுவது, “எங்களுக்கு எது பொருந்தும், எப்போதிலிருந்து?” என்று சொல்லக்கூடிய ஆளைத்தான். மாற்றமே நின்றுவிட்டால்தான் இந்த வேலைக்குக் கிராக்கி குறையும்.

வேலை எப்படிப்பட்டது என்று ஒன்றைக் காட்டுகிறேன். சுற்றாடல் உரிமத்தை ஃபிரேம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பார்கள். முடிவுத் திகதியை யாரும் பார்க்கலாம். நல்ல கணக்காய்வாளர், உரிமத்தோடு வந்த நிபந்தனைத் தாள்களைக் கேட்டு வாங்குவார். உற்பத்தி அளவு இவ்வளவு என்று அதில் இருக்கும். பின்பக்கம் போனால் அந்த அளவைத் தாண்டவைக்கும் புதிய இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாவித்த எண்ணெய் பீப்பாய்களைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள், ஆனால் மழைத்தண்ணீர் போக வைத்த வால்வு திறந்தே கிடக்கும், எண்ணெய் கசிந்தால் அதன் வழியே வெளியே போய்விடும். அப்புறம் விபத்துப் பதிவேடு. அது வெறுமையாக இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, வரவுப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். கையில் கட்டுப் போட்டு ஒருவர் ஐந்து நாள் லீவு எடுத்திருப்பார். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போன விபத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் கண் வந்துவிட்டால், எந்த வர்த்தமானி வந்தாலும் மகள் தடுமாற மாட்டா.

மாற்றத்தைக் கையாள ஒரு முறையும் இருக்கிறது. சட்டப் பதிவேடு என்று ஒன்றை வைத்திருப்பார்கள்: எந்த வர்த்தமானி, எந்தத் திகதியில் நடைமுறைக்கு வருகிறது, இடைக்கால அவகாசம் உண்டா, நம் இடத்தில் எந்த வேலையைத் தொடுகிறது, யார் பொறுப்பு. கணக்காய்வு நடக்கும் அன்றைக்கு எது அமலில் இருக்கிறதோ, அதை மீறினால்தான் குற்றம் என்று எழுதலாம். வரப்போகும் விதியை, “இதற்குத் தயாராகுங்கள்” என்று தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் குழப்பி எழுதிய அறிக்கையை முகாமையாளர்கள் ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் படித்து முடித்த கையோடு கணக்காய்வாளராக யாரும் எடுக்க மாட்டார்கள். முதலில் களத்தில் நிற்க வேண்டும். அந்த வகையில் உங்கள் திருகோணமலை கொடுத்துவைத்த ஊர். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் மாவு ஆலையும், பக்கத்தில் சீமெந்து ஆலை, துறைமுகம், புல்மோட்டையில் கனிய மணல். தூசி, தீ, உயரத்தில் வேலை, கடலில் கலக்கும் கழிவு என்று எல்லா ஆபத்தும் ஒரே மாவட்டத்தில். பயிலுநராகவோ, பாதுகாப்பு உத்தியோகத்தரின் உதவியாளராகவோ இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

“பொம்பிளைப் பிள்ளையை அங்கே விடலாமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் நேர்முகத்தேர்வில் இரவு வேலை, போக்குவரத்து, உடை மாற்றும் அறை மூன்றையும் மகளே கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்கு ஒரு பாதுகாப்புப் பிரிவு தடுமாறினால், அங்கே போகத்தான் வேண்டுமா என்று நானும் யோசிப்பேன்.

அடுத்தது காசு. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நெபோஷ் (NEBOSH) என்ற பிரித்தானியத் தொழில் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். நல்ல சான்றிதழ்தான், ஆனால் அனுபவமில்லாத கையில் அதற்குப் பாதி மதிப்புத்தான். நகையை அடகு வைத்து இப்போதே கட்ட வேண்டாம். 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகத்தின் பயிற்சிகளை முதலில் விசாரியுங்கள். சிங்களம் வாசிக்கவும் பழகட்டும். தொழிலாளியிடம் அவருடைய பாஷையில் கேட்டால்தான் உண்மை வெளியே வரும், திருகோணமலையில் அது இரண்டு பாஷை.

அந்தத் தனியார் நிறுவனத்துக்கு முற்பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: “2022 வர்த்தமானியை எந்தப் பாடத்தில் கற்பிக்கிறீர்கள்?” பதில் வந்ததும் பாடத்திட்டத் தாளையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள், முடிந்தால் அப்பாவும் வரட்டும்.