தேனீ படம் போட்ட செடியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: கோடை முடிந்தால் என் தோட்டத்தில் பூவே இருப்பதில்லை. தேனீக்களுக்காக, பருவக் கடைசியில் பூக்கும் பல்லாண்டு நாட்டுச் செடிகள் வைக்க ஆசை. லேபிளில் தேனீ படம் போட்ட ஆஸ்டர் செடி, 'காட்டுப்பூக் கலவை' விதைப் பொட்டலம் இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: பூ குறையும் அந்த நேரத்தில்தான் பம்பிள்பீ என்ற பருத்த, ரோமம் நிறைந்த தேனீ வகையின் இளம் ராணிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. அதனால் உங்கள் ஆசை மிகவும் தேவையான ஒன்று.

ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். லேபிளைத் திருப்பித் தாவரவியல் பெயரைப் படியுங்கள். 'ஆஸ்டர்' என்று மட்டும் இருந்தால் போதாது. காலிஸ்டெஃபஸ் என்ற சீன ஆஸ்டரும் அதே பெயரில்தான் விற்கிறது. அது ஒரே ஆண்டில் முடிந்துவிடும். சிம்ஃபியோட்ரைக்கம் நோவே-ஆங்கிலியே என்று இருந்தால் அது வட அமெரிக்காவின் பல்லாண்டு ஆஸ்டர். அங்கே இருப்பவர்களுக்கு அருமையான செடி. 'நாட்டுச் செடி' என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வட அமெரிக்காவின் கனடா கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடி, ஐரோப்பாவிலும் சீனாவிலும் மற்ற செடிகளை நெருக்கித் தள்ளும் களையாகிவிட்டது.

அப்புறம் பூவை விரித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் வட்டு திறந்து தெரிய வேண்டும். அடுக்கடுக்காக இதழ் நிறைந்த ரகங்களில் அந்த வட்டே மறைந்துபோயிருக்கும். தேனீ வந்தாலும் மகரந்தமோ தேனோ அதிகம் கிடைக்காது.

விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதற்கு நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து போட்டீர்களா?" இமிடாக்ளோபிரிட் போன்ற இந்த மருந்துகள் வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. கழுவினாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. பதில் மழுப்பலாக வந்தால் அந்தச் செடியை அங்கேயே விட்டுவிடுங்கள். தேனீக்கு விருந்து வைப்பதாக நினைத்து விஷம் வைக்கக் கூடாது.

பூத்துக் குலுங்கும் பெரிய தொட்டிக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். சின்ன நாற்றே போதும். முதல் ஆண்டு வேர்விட்டு, அடுத்த ஆண்டுகளில் நன்றாகப் பூக்கும்.

விதைக் கலவையில் உள்ள இனங்களின் பட்டியல் அச்சிடப்படாவிட்டால் வாங்கவே வேண்டாம். பல கலவைகளில் ஓராண்டுச் செடிகளும் வெளியிடத்துச் செடிகளும்தான் அதிகம். இனம் தெரிந்து தனியாக விதை வாங்கினால், குளிர்ப்பகுதிச் செடிகள் பலவற்றின் விதை முளைக்க ஈரமான குளிர் சில வாரங்கள் தேவை. இலையுதிர் காலத்தில் தூவிவிட்டால் குளிர்காலமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் வட அமெரிக்காவில் இருக்கிறோம். வீட்டில் ஒருவருக்குத் தும்மல் தொல்லை. கோல்டன்ராட் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. பூச்சிகள்தான் சுமந்து செல்லும். அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட் களையின் மகரந்தம்தான் காற்றில் பறந்து தும்மலைக் கிளப்புகிறது. தோட்டம் சின்னது என்றால் வேரோடிப் பரவும் கனடா ரகத்தை விடுத்து, கொத்தாக வளரும் சாலிடாகோ ஸ்பெசியோசா என்ற கோல்டன்ராட் இனத்தைக் கேளுங்கள்.