கசிவு நீரைப் பாட்டிலில் பிடியுங்கள்

கேள்வி: தாத்தா, எங்கள் தெருவுக்கு மேலே, நிலக்கரி கழுவிய சேற்றைத் தேக்கும் அணை இருக்கிறது. மழை விட்டு ஒரு வாரமானாலும் கரையடி ஈரமாகவே கிடக்கிறது. கீழே ஓடும் ஓடையில்தான் காவடிக்கு நீர் எடுக்கிறோம். 60 பேர் கையெழுத்திட்டு, அணை பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டு மனு கொடுத்தோம். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, டண்டீ, க்வாசூலு-நேட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: அந்த ஒரு வரியை நானே பலமுறை டைப் அடித்திருக்கிறேன், அம்மா. சுரங்க அலுவலகத்தில் 22 வருடம் குமாஸ்தா வேலை. ‘பாதுகாப்பா?’ என்று கேட்டால் ‘பாதுகாப்புதான்’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிவிடலாம். ‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்று கேட்டால் யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு கரை ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் அளவைக் கேளுங்கள். சுரங்க நீருக்கான 1999ஆம் ஆண்டு விதிப்படி, அழுக்குநீர் அணை நிரம்பிய மட்டத்துக்கு மேல் கரை குறைந்தது 0.8 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். ஓடை, கிணறு, போர்வெல் எதற்கும் 100 மீட்டருக்குள் கழிவைக் கொட்டக் கூடாது. விலக்கு வாங்கியிருக்கிறோம் என்பார்கள். சரி, அந்தக் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் சட்டப்படி, ஓர் உரிமையைக் காக்கத் தேவை என்றால் தனியார் கம்பெனியிடமும் கேட்கலாம். 30 நாள் கெடு. உடலுக்குக் கேடு செய்யாத சுற்றுச்சூழல் நம் உரிமை என்று அரசியல் சட்டம் 24ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அந்த எண்ணைப் போடுங்கள்.

அப்புறம் அந்த ஈரம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உள்மண்ணே அரித்து வருகிறது என்று அர்த்தம். எங்கள் அணைக்காரர் ஒருவர் பழைய ஊறுகாய் பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து, தேதி எழுதி, ஜன்னலில் வரிசையாக வைப்பார். காலையில் அடியில் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பார். அவர் ரிப்போர்ட்டை விட அந்த ஜன்னலைத்தான் நான் நம்பினேன். நீங்களும் வாரம் ஒருமுறை, வேலிக்கு வெளியே, ஒரே இடத்தில் பிடியுங்கள். திடீரென்று கலங்கலும் அதிகமாகி, நீரும் கூடினால் பாட்டிலைப் போட்டுவிட்டு ஊரை எழுப்புங்கள்.

பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். சேறு மேலே காய்ந்து வெடித்துத் தரை மாதிரித் தெரியும், அடியில் கூழ்தான். 2021 டிசம்பர் 24 அன்று நம் மாகாணத்திலேயே அப்படி ஓர் அணை உடைந்து, கரிய குழம்பு உம்ஃபொலோசி ஆற்றில் இறங்கியது.

எழுதிக் கொடுத்து என்ன பயன் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். வேல்ஸில் அபர்ஃபான் ஊரில் 1966இல் சுரங்கக் கழிவுமேடு சரிந்து 144 பேர் செத்தார்கள். 116 பேர் குழந்தைகள். நகராட்சிப் பொறியாளர் 1963லேயே எச்சரித்து எழுதியிருந்தார். அப்போது யாரும் அசையவில்லை. ஆனால் விசாரணையில் அந்தக் கடிதங்கள் பேசின. பழி நிலக்கரி வாரியத்தின் மேல் விழுந்தது.

மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். முத்திரை போடாத மனுக்களை நான் மேஜையின் கீழ் டிராயரில்தான் வைப்பேன். அந்த டிராயரை யாரும் திறந்து பார்த்ததில்லை.