ஜான் காட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும்

வணக்கம் சார். நைட்டு முழுக்க நியூயார்க் மாஃபியா பாஸ் ஜான் காட்டி பத்தின டாகுமெண்டரி பாத்தேன். என்னா கெத்து! மூணு கேஸ்ல தப்பிச்சு, எந்த கேஸும் ஒட்டாத ஆளுன்னு டெஃப்லான் டான்னு பேர் வாங்கியிருக்கார். எப்படி சார் அவரால முடிஞ்சுது? ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம் வந்தா ஏரியா ஜனங்களுக்கு பட்டாசு, சாப்பாடுன்னு அள்ளிக் குடுத்திருக்கார். நல்ல மனுஷன்தானே? கூட இருந்தே கோர்ட்ல சாட்சி சொல்லி அவர மாட்டிவிட்ட கூட்டாளி கிராவானோதானே துரோகி?
- ஒரு வாசகர்

தம்பி, கொஞ்ச நாளா இந்த ஆள பத்திதான் யோசிச்சிட்டு இருந்தேன், அதான் உடனே பதில் போடுறேன். தப்பிச்சதுல மூளை எல்லாம் ஒண்ணும் இல்ல. 1986 கேஸ்ல, அவர்கிட்ட அடி வாங்கின ஃபிரிட்ஜ் மெக்கானிக்கே கோர்ட்ல வந்து யார் அடிச்சதுன்னு ஞாபகம் இல்லன்னுட்டார், அவ்ளோ பயம். 1987 கேஸ்ல ஜூரில ஒருத்தருக்கு 60,000 டாலர் லஞ்சம் போச்சு. விடுங்க அத.

ஆனா நல்ல மனுஷன்னு எழுதினீங்க பாருங்க, எப்படிய்யா மனசு வந்துச்சு? 1980 மார்ச்ல, நியூயார்க் ஹோவர்ட் பீச்ல, காட்டியோட 12 வயசு பையன் ஃபிராங்க் மினிபைக்ல ரோட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர் கார்ல அடிபட்டு செத்துட்டான். புள்ளைய பறிகுடுத்த தகப்பன் வயிறு எரியத்தான் செய்யும், அத நான் இல்லேங்கல, படிக்கிறப்ப எனக்கே தாங்கல. விபத்துன்னு போலீஸே சொல்லிட்டாங்க. ஆனா அந்த பக்கத்து வீட்டுக்காரர் கார்ல கொலைகாரன்னு பெயிண்ட்ல எழுதினாங்க, காட்டியோட பொண்டாட்டி அவர பேஸ்பால் மட்டையால அடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அவரு புகார் கூட குடுக்கல, வீட்ட வித்துட்டு எங்கயாவது போயிடலாம்னுதான் இருந்தார், அதுக்குள்ள ஜூலைல வேலை முடிஞ்சு கார எடுக்க வந்த இடத்துலயே அடிச்சு வேன்ல தூக்கிப் போட்டுட்டு போயிட்டாங்க. உடம்பு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. காட்டி குடும்பம் அப்ப ஊர்லயே இல்ல, ஃபுளோரிடால இருந்தாங்க. அந்தக் கொலைக்கு காட்டி மேல கேஸே வரல.

அந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொண்டாட்டி, புள்ள இருந்தாங்க தம்பி. அவரு பையனும் காட்டி பசங்களும் சேந்து விளையாடினவங்க. பட்டாசுக்கு கை தட்டின ஜனத்துக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிட்டு இருந்தாங்க, அந்த பயத்ததான் நீங்க கெத்துன்னு எழுதுறீங்க. 2002ல காட்டி தொண்டை கேன்சர்ல ஜெயில் ஆஸ்பத்திரில செத்தப்ப குயின்ஸ் செயின்ட் ஜான் கல்லறைல மகன் பக்கத்துலயே வச்சாங்க. உடம்பே கிடைக்காத அந்த பக்கத்து வீட்டுக்காரரோட குடும்பத்துக்கு ஒரு பூ வைக்க எடம் இருக்கா?

கிராவானோ விஷயம் கேட்டீங்க. 19 கொலைல பங்குன்னு ஒத்துக்கிட்டு அஞ்சு வருஷத் தண்டனையோட தப்பிச்சவன். அவன் யாருக்கு துரோகின்னு பேசவே எனக்கு இஷ்டமில்ல.