மலையில் சைக்கிள் ஓடப் போகிறீர்களா? அறையை முதலில் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் 14 வயது மகனும் ஓகஸ்ட் லீவில் மூன்று நாள் மலைநாட்டுக்குப் போய் மவுண்டன் பைக் ஓட ஆசைப்படுகிறோம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஓடிப் பழக்கம் இருக்கிறது; ஏற்ற இறக்கம் பழக்கமில்லை. நுவரெலியா நல்லதா, எல்ல நல்லதா? பல விடுதிகள் ‘சைக்கிள் வசதி உண்டு’ என்று போட்டிருக்கின்றன. எதை நம்பி முற்பணம் கட்டுவது?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: ஓகஸ்ட் என்றால் நுவரெலியா, ஹற்றன் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஆடி மாதம் மத்தியானத்தில் இங்கே திருமலையில் நம் முகத்தில் அனலாக அடிக்கிற கச்சான் காற்று, வரும் வழியில் அந்த மேற்குச் சரிவுகளில்தான் மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. அதனால் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் அந்த மாதத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். புதிதாக ஓடுகிறவருக்குக் காய்ந்த பாதைதான் முதல் பாதுகாப்பு. இதே பயணத்தைக் கார்த்திகை, மார்கழியில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அந்த மலைகளில் எவ்வளவு மண்ணைச் சரித்தது என்பது தெரியும்தானே. அதனால் எந்தத் தோட்டப் பாதை உடைந்திருக்கிறது என்பதை விடுதிக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்.

என் தெரிவு பண்டாரவளை. மூன்று இரவும் ஒரே அறையில் தங்குங்கள். ஊர் ஊராக மாறினால் பாதி நேரம் பை கட்டுவதிலும் சைக்கிள் ஏற்றுவதிலும் போய்விடும்.

இனி விடுதிக்கு வருவோம். ‘சைக்கிள் வைக்க இடம் இருக்கா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘ஓம், இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூரையும் பூட்டும் உள்ள கீழ்த்தளமா, அல்லது கேற்றுக்குப் பக்கத்தில் மாமரத்தடியா என்பது படத்தில் தெரிந்துவிடும். சேறு கழுவ வெளியே ஒரு பைப் இருக்கிறதா? காலை ஆறு மணிக்குச் சாப்பாடு தருவார்களா, இல்லை ஒரு பார்சலாவது கட்டித் தருவார்களா? மலையில் காலைதான் தெளிவு, பிறகு மூடுபனி ஏறிவிடும். எட்டரைக்குத்தான் சாப்பாடு என்றால் அன்றைய நல்ல நேரம் போய்விட்டது. வழியில் ரியூப் வெடித்தால் உங்களையும் மூன்று சைக்கிள்களையும் ஏற்றிவர ‘பட்டா’ (சின்ன லொறி) ஒன்றைப் பிடித்துத் தர ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். ஓட்டோவில் மூன்று சைக்கிள் ஏறாது.

பலர் கேட்க மறப்பது ஒன்று இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து விடுதி வாசல் வரை வழி எப்படி? படத்தில் அழகாகத் தெரியும் அறைகள் பல, செங்குத்தான ஒழுங்கையின் உச்சியில் இருக்கும். நாள் முழுக்க மிதித்துக் களைத்த பிள்ளை அந்தக் கடைசி முந்நூறு மீற்றரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது மறுநாள் ஆசையே போய்விடும். எல்லவில் இது அதிகம்.

ஏற்றம் உங்களைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். விழுத்துவது இறக்கம். சில வருடங்களுக்கு முன் மலைநாட்டில் ஒரு வாடகைச் சைக்கிளில் நானே பட்டேன். கடை வாசலில் சமதரையில் ஓடிப் பார்த்தபோது எல்லாம் சரி. முதல் நீண்ட இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தினேன். லீவர் ஹாண்டில் பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, சில்லு நிற்கவில்லை. காலை ஊன்றி ஊன்றித்தான் நிறுத்தினேன். செருப்பின் குதி தேய்ந்து உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் நகத்தளவுகூட இல்லை.

ஆகவே வாடகைக்கு எடுக்கும்போது இதைச் செய்யுங்கள். லீவரை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். சில்லு அசையக்கூடாது, லீவருக்கும் பிடிக்கும் இடையே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ளதையே கேளுங்கள். எந்த லீவர் முன் சில்லுக்கு என்பதையும் பாருங்கள்: நம் நாட்டில் வலதுகைதான் வழக்கம், ஆனால் ஐரோப்பாவுக்குச் செய்த சைக்கிள்களில் பெரும்பாலும் மாறி இருக்கும். பதற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புறத்தான். சீற்றில் உட்கார்ந்து குதியைப் பெடலில் வைத்தால் கீழே போன கால் நேராக நிற்க வேண்டும். மகனுக்கு ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று பெரிய சைக்கிள் எடுக்காதீர்கள்.

புறப்படுவதற்கு முன் இரண்டு ஞாயிறு காலை இங்கே உவர்மலைத் தெருக்களில் ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்கும்போது இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், உடம்பு கொஞ்சம் பின்னால், இரண்டு பிரேக்கும் சேர்த்து, அதுவும் வளைவுக்கு முன்னாலேயே. வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் நாள் விடுதியைச் சுற்றி எட்டு, பத்து கிலோமீற்றர் போதும். இரண்டாம் நாள் தேயிலைத் தோட்டத்து மண் பாதைகள். எந்தப் பாதை எங்கே போகும் என்று கொழுந்து பறிக்கிறவர்களிடம் நம் தமிழிலேயே கேட்கலாம். நம் குடும்பங்களுக்கு இது பெரிய சௌகரியம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள், அங்கே வாசலில் குழந்தைகள் விளையாடுவார்கள். மூன்றாம் நாள் விருப்பமென்றால் மலையுச்சியில் காட்சி பார்க்கும் இடமான லிப்டன் சீட். ஹப்புத்தளைக்கு அப்பால், 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பதென்ன தொழிற்சாலையிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். சைக்கிள்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், விடியற்காலைக் காட்சியைப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கலாம். ஒடுங்கிய வழி, எதிரே ஓட்டோ வரும். முதல் நாளே அங்கே போகாதீர்கள்.

கேள்வி: யப்பானிலிருந்து வந்த பழைய மவுண்டன் பைக் ஒன்று பார்த்தேன். வாங்கி மலைக்குக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், சீனக்குடா

பதில்: சைக்கிளின் சட்டத்தில் (பிரேமில்) ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யப்பானில் மவுண்டன் பைக் தோற்றத்தில் விற்கும் மலிவான சைக்கிள்கள் பலவற்றில், கரடுமுரடான பாதையில் ஓடக்கூடாது என்ற எச்சரிக்கையை அங்கேயே ஒட்டி விடுகிறார்கள். தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் இருந்தாலும் அது சந்தைக்குப் போய்வரச் செய்த சைக்கிள்தான். திருமலைக்குள் ஓட அருமையாக இருக்கும், தாராளமாக வாங்குங்கள். மலைக்கு அங்கேயே நல்லதை வாடகைக்கு எடுங்கள். எதை வாங்கினாலும் செயினை விரலால் வளைத்துப் பாருங்கள். கடல் காற்றில் நின்ற சைக்கிளில் கண்ணிகள் இறுகி, வளைத்த இடத்திலேயே நிற்கும்.

கேள்வி: வாடகைக் கடையில் பிணையாக அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: அசலைக் கொடுக்காதீர்கள். பிரதியும் ஒரு தொகைப் பணமும் கொடுத்து, திரும்ப வேண்டிய தொகையை எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். சைக்கிளை எடுக்கும்போதே கீறல், நெளிவு எல்லாம் தெரிய, கடைக்காரர் பக்கத்தில் நிற்க, நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஹெல்மெட், பம்ப், மேலதிக ரியூப் மூன்றும் வாடகைக்குள் அடங்குமா என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பணத்தைத் தர மறுத்தால் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம்.